ஒரு பகுதியை விற்று மறுபகுதியைக் காப்பது எப்படி?

குடும்பத்தில் திடீரென்று ஒரு பெரிய செலவு வந்து நிற்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணமாக இருக்கலாம், அறுவை சிகிச்சையாக இருக்கலாம், பழைய கடனாகவும் இருக்கலாம். கையில் ரொக்கம் இல்லை. ஆனால் அப்பா காலத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் செம்பனை நிலம் இருக்கிறது. அதன் பின்பகுதியில் வீடும் இருக்கிறது. முழுவதையும் விற்க மனம் வரவில்லை. "ரோட்டோரமா இருக்கிற ஒரு ஏக்கரை நீங்க எடுத்துக்குங்க தம்பி, பின்னால உள்ள ரெண்டு ஏக்கரும் வீடும் எங்களுக்கு இருக்கட்டும்" என்று தெரிந்தவர் ஒருவரிடம் காப்பிக்கடையில் பேசி முடிக்கிறார் பெரியவர். ஒரு தாளில் நான்கு வரி எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, பணமும் கைமாறி விடுகிறது.

அன்றைக்கு அது நல்ல ஏற்பாடாகவே தெரியும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, விற்ற பெரியவரும் போய்ச் சேர்ந்து, வாங்கியவரின் பிள்ளைகளும் விற்றவரின் பிள்ளைகளும் நில அலுவலகத்தில் நேருக்கு நேர் நிற்கும்போதுதான் சிக்கல் வெளிப்படும். பட்டாவில் இன்னமும் பெரியவரின் பெயர் மட்டுமே இருக்கும். "ஒரு ஏக்கர் எங்களுடையது" என்பார்கள் இவர்கள். "எந்த ஒரு ஏக்கர்?" என்று கேட்பார்கள் அவர்கள். நிலத்தின் ஒரு பகுதியை விற்று மறுபகுதியை வைத்துக் கொள்வது நம் நாட்டில் முறையாகச் செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. குறுக்கு வழியில் போனவர்கள்தான் பெரும்பாலும் விற்றதையும் வைத்திருந்ததையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டி விடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் நில விவகாரங்களை ஆள்வது 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். 1966 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த இச்சட்டம் 2020-இல் சீராக்கப்பட்டு மறுபதிப்பாக வெளிவந்தது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனி நிலச் சட்டங்கள் உண்டு. ஆகவே இங்கே சொல்லப்படுவது தீபகற்பத்தில் உள்ள நிலங்களுக்கே பொருந்தும்.

இச்சட்டத்தின் அடிப்படை மிகவும் எளிது. நிலத்திற்கு உரிமையாளர் யார் என்பதைப் பதிவேடுதான் முடிவு செய்கிறது. பேச்சும் சாட்சியும் வேலியும் அதற்குப் பிறகுதான். ஒரு பட்டாவில் உள்ள நிலத்தைப் பெயர் மாற்றம் செய்வதென்றால் முழு நிலத்தையும் மாற்றலாம். அதன் ஒரு துண்டை மட்டும் மாற்ற முடியாது. மூன்று ஏக்கருக்கு ஒரே பட்டா இருக்கும்வரை, முன்னால் உள்ள ஒரு ஏக்கர் என்ற தனிச் சொத்து சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இல்லாத ஒன்றை எப்படி விற்பது?

ஆகவே விற்பவருக்கு முறையான வழிகள் இரண்டுதான் உள்ளன. முதலாவது, நிலத்தைப் பிரித்து இரண்டு தனிப் பட்டாக்கள் வாங்கி, ஒன்றை விற்பது. மலாயில் இதை 'பெச்சா செம்பாடான்' என்பார்கள். இரண்டாவது, நிலத்தைப் பிரிக்காமல் அதில் ஒரு பங்கை, உதாரணத்திற்கு மூன்றில் ஒரு பங்கை, வாங்குபவர் பெயரில் பதிவு செய்து அவரைக் கூட்டு உரிமையாளர் ஆக்குவது.

பங்கு வேறு, துண்டு வேறு

இரண்டாவது வழி சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. அதனால்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்பது முன்னால் உள்ள ஒரு ஏக்கர் அல்ல. அந்த நிலத்தின் ஒவ்வோர் அடியிலும் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் அதற்குப் பொருள். விற்ற பெரியவர் குடியிருக்கும் வீட்டு மண்ணிலும் வாங்கியவருக்குப் பங்கு உண்டு. வாங்கியவர் போட்ட கொட்டகையின் கீழும் பெரியவருக்குப் பங்கு உண்டு. எவருக்கு எந்தப் பக்கம் என்பது அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தம் மட்டுமே. பட்டாவைப் பார்க்கும் மூன்றாம் மனிதருக்கு அது தெரியாது.

வாங்கியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் தம் பங்கை வேறொருவருக்கு விற்கலாம். அவர் இறந்தால் அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவர் கடனில் மூழ்கினால் கடன்காரர்கள் அந்தப் பங்கின் மீது கை வைக்கலாம். முன்பின் அறியாத ஒருவர் நம் வீட்டு நிலத்தில் கூட்டாளியாக வந்து நிற்கும் நிலை அப்படித்தான் உண்டாகிறது. பிறகு நிலத்தை அடகு வைக்க வேண்டுமென்றாலும், பயிர் மாற்ற வேண்டுமென்றாலும், மாற்றி எழுத வேண்டுமென்றாலும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையின் மிக மோசமான வடிவத்தைத்தான் மலாயில் 'லோட் லிடி' என்கிறார்கள். விவசாய நிலம் ஒன்றை ஈர்க்குச்சி போல் சிறு சிறு மனைகளாக வரைபடத்தில் கீறி, பத்துப் பதினைந்து பேருக்கு விற்று, எல்லார் பெயரையும் ஒரே பட்டாவில் ஏற்றி விடுவார்கள். வாங்கியவர்களுக்குத் தனிப் பட்டா வருவதே இல்லை. அதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. விவசாய வகையைச் சேர்ந்த நிலத்தைப் பிரித்தால், பிரிக்கப்படும் ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 0.4 ஹெக்டர், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கர் இருக்க வேண்டும். கால் ஏக்கர் விவசாய நிலத்துக்குத் தனிப் பட்டா வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், நில வகையை மாற்றாமல் அது எப்படி முடியும் என்று அவரைக் கேட்க வேண்டும்.

துண்டாடலின் பழைய பாடம்

நிலத்தைத் துண்டு போடுவதற்குச் சட்டம் ஏன் இத்தனை கட்டுப்பாடு விதிக்கிறது என்பது இந்நாட்டுத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1950-ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கிய தரகர்களும் கூட்டுகளும் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றார்கள். தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டப் பாட்டாளிகள் வேலையையும் லயன் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்ற சொல் அப்படித்தான் நம் வீடுகளில் புழக்கத்துக்கு வந்தது. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1962-இல் வந்தது. அதற்கு முன்பே, 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாட்டாளிகளிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தைக் கொண்டு, துண்டாடப்படவிருந்த தோட்டங்களைப் பாட்டாளிகளே வாங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்தக் கசப்பான அனுபவத்தின் தடயம் இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. ஒட்டினாற்போல் 40 ஹெக்டருக்குக் குறையாமல் இருக்கும் விவசாய நிலத்தைத் தோட்ட நிலம் என்று சட்டம் கருதுகிறது. தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் அதைப் பிரித்துப் பலருக்கு விற்க முடியாது. மூன்று ஏக்கர்காரருக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் துண்டு போடுவதில் விற்பவர், வாங்குபவர் ஆகியோருக்கு அப்பாலும் பாதிக்கப்படுகிறவர்கள் உண்டு என்ற பாடம் ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும். அங்கே பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பின்பகுதி வீட்டில் தங்கிவிட்ட தாயாரும் இளைய பிள்ளையும்தான்.

முறைப்படி பிரிப்பது எப்படி?

முதலில் செய்ய வேண்டியது, மாவட்ட நில அலுவலகத்திலோ மாநில நில அலுவலகத்திலோ கட்டணம் கட்டி அதிகாரப்பூர்வமான பதிவுத் தேடல் எடுத்துப் பார்ப்பதாகும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பட்டா நகலை நம்பக் கூடாது. நிலம் விவசாய வகையா, கட்டட வகையா? குறிப்பிட்ட பயிர்தான் போட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்ற உரிமைக் கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா? வங்கி அடமானம் இருக்கிறதா? யாரேனும் கேவியட் போட்டிருக்கிறார்களா? குத்தகை நிலமென்றால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? இவை அத்தனையும் அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

அடுத்தது, உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் போவது. அவர் நிலத்தைப் பார்த்து, எப்படிப் பிரித்தால் சட்டப்படி செல்லும் என்று வரைபடம் போட்டுத் தருவார். நிலத்தைப் பிரிப்பதையும் 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் ஒரு மேம்பாட்டு நடவடிக்கையாகவே கருதுகிறது. ஆகவே நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்தின் திட்டமிடல் அனுமதியும் தேவைப்படும். அதன் பிறகு 'போராங் 9ஏ' என்ற பாரத்துடன் நில அலுவலகத்தில் விண்ணப்பம் போடப்படும். நில வரி பாக்கி ஏதும் இருக்கக் கூடாது. நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும்.

ஒப்புதல் கிடைத்ததும் அளவைக் கட்டணம் செலுத்தி, எல்லைக் கற்கள் நடப்பட்டு, இரண்டு புதிய பட்டாக்கள் வெளிவரும். அளவை முடிவதற்குள் தற்காலிகப் பட்டாவும், முடிந்த பின் இறுதிப் பட்டாவும் கொடுக்கப்படுவது வழக்கம். இதற்கெல்லாம் சில மாதங்கள் ஆகலாம். சில இடங்களில் ஆண்டுக்கணக்கிலும் இழுக்கலாம். நாளை மறுநாள் பணம் தேவைப்படுகிறவருக்கு இது பெரிய சோதனைதான். அதனால்தான் தேவை கழுத்தை நெரிப்பதற்கு முன்பே, கையில் கொஞ்சம் அவகாசம் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கி விடுவது நல்லது.

பாதைதான் முதல் கணக்கு

பிரிக்கப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் போதிய போக்குவரத்து வழி இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. வாய்வார்த்தையில் விற்கிறவர்கள் தவறிப் போவதும் இந்த இடத்தில்தான். சாலையோர நிலத்துக்குத்தான் நல்ல விலை கிடைக்கும். அதைக் கொடுத்துவிட்டுப் பின்பகுதியில் தங்குகிறவர், முன்பகுதிக்காரரின் நல்ல மனத்தை நம்பித்தான் தினமும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். நல்ல மனம் நிலத்தோடு கூடவே விற்பனையாவதில்லை. அடுத்து வாங்குகிறவர் வேலி போட்டுவிட்டால், செம்பனைக் குலை ஏற்றும் லோரியும் வர முடியாது. அவசரத்துக்கு ஆம்புலன்சும் வர முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலம் சாலையோரத்தில் 300 அடி அகலமும் 435.6 அடி ஆழமும் கொண்டதாக இருக்கட்டும். மொத்தம் 130,680 சதுர அடி, அதாவது சரியாக மூன்று ஏக்கர். முன்னால் ஒரு ஏக்கரை முழு அகலத்துக்கு வெட்டினால் 145 அடி ஆழம் போகும். பின்னால் உள்ள வீட்டுக்கு வழியே இருக்காது. வழிக்காக ஓரத்தில் 20 அடியை ஒதுக்கினால் முன்பகுதி ஏறத்தாழ 40,660 சதுர அடியாகக் குறைந்துவிடும். 0.4 ஹெக்டர் என்பது ஏறத்தாழ 43,056 சதுர அடி. ஆகவே அந்தப் பிரிப்பு செல்லாது. முன்பகுதியின் ஆழத்தை 154 அடியாக்கினால், 280 அடி அகலத்தில் 43,120 சதுர அடி கிடைக்கும். சட்டத்தின் அளவு நிறைவேறிவிடும். அந்த 20 அடிப் பாதை பின்பகுதியின் பட்டாவிலேயே சேர்ந்திருந்தால், பின்னால் இருப்பவர் கையில் சொந்தப் பாதையோடு இரண்டு ஏக்கர் மிஞ்சும். உள்ளூர் மன்றம் 20 அடி போதாது, 40 அடி வேண்டும் என்று சொன்னால் கணக்கை மறுபடியும் போட வேண்டும். இதையெல்லாம் விலை பேசுவதற்கு முன்பே அளவையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. "மூணு பிள்ளைங்க, மூணு ஏக்கர், ஆளுக்கு ஒண்ணு" என்று சொல்லிக் கொண்டிருக்கும் குடும்பங்கள் பல. நடுவே ஒரு பாதை போட்டதுமே ஒவ்வொருவர் பங்கும் 0.4 ஹெக்டருக்குக் கீழே இறங்கிவிடும். காகிதத்தில் சரியாக வரும் பாகப்பிரிவினை மண்ணில் சரியாக வராது.

ஏற்கெனவே விற்றுவிட்டு வழியில்லாமல் நிற்பவர்களுக்கும் ஓரளவு பரிகாரம் உண்டு. அண்டை நிலக்காரர் சம்மதித்தால் வழி உரிமையை இரு பட்டாக்களிலும் பதிவு செய்துகொள்ளலாம். அவர் மறுத்தால் நில நிர்வாகியிடம் மனு செய்யலாம். அவர் விசாரணை நடத்தி, தேவை உண்மையென்று கண்டால், இழப்பீட்டுடன் வழி உரிமை ஏற்படுத்திக் கொடுக்க முடியும். இருந்தாலும் விற்கும்போதே ஒதுக்கிக் கொள்வதற்கு அது ஈடாகாது. பாதையோடு குடிநீர்க் குழாய், மின்கம்பம், மழைநீர் ஓடும் கால்வாய் எந்தப் பக்கம் போகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நில மூலையில் தாத்தா வைத்த சாமி மேடை ஒன்று இருந்தால், அது எந்தப் பட்டாவில் விழுகிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது பிற்கால மனக்கசப்பைத் தவிர்க்கும்.

ஒப்பந்தத்தில் கவனம்

பட்டா பிரிவதற்கு முன்பே விற்பனை ஒப்பந்தம் போட முடியுமா? முடியும். பிரிப்பு ஒப்புதலும் புதிய பட்டாவும் கிடைத்த பிறகே விற்பனை நிறைவேறும் என்ற நிபந்தனையுடன் வழக்கறிஞர் மூலம் ஒப்பந்தம் செய்யலாம். அளவையாளரின் வரைபடம் அதில் இணைக்கப்பட வேண்டும். பிரிப்புச் செலவு யாருடையது, எத்தனை மாத அவகாசம், ஒப்புதல் கிடைக்காவிட்டால் முன்பணம் எப்படித் திரும்பும், அளவையில் நிலம் கூடினாலோ குறைந்தாலோ விலை எப்படி மாறும் என்ற நான்கும் தெளிவாக எழுதப்பட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் தனித்தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

வாங்குபவர் தம் பணத்துக்குப் பாதுகாப்பாகக் கேவியட் பதிவு செய்வது இயல்பு. தனியார் கேவியட் ஆறு ஆண்டு வரை நீடிக்கும். பிரிக்கப்படாத பட்டாவில் அது விழுந்தால், விற்காமல் வைத்துக்கொண்ட இரண்டு ஏக்கரும் அதில் மாட்டிக் கொள்ளலாம். ஆகவே ஒப்பந்தம் முறிந்தால் கேவியட்டை எப்போது எடுக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

விற்பவர்கள் ஒருபோதும் செய்யக்கூடாதவை இரண்டு. பெயர் மாற்றப் பாரமான 'போராங் 14ஏ'-வில் விவரங்கள் காலியாக இருக்கும்போது கையெழுத்துப் போடக் கூடாது. அவசரத்தில் முழு நிலத்துக்கும் அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு, திரும்பப் பெற முடியாதது என்று எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தைப் பிறகு ரத்துச் செய்வது எளிதல்ல. ஒரு ஏக்கரை விற்கப் போய் மூன்று ஏக்கருக்கும் சாவியைக் கொடுத்த கதையாகிவிடும்.

வரிக் கணக்கையும் பார்த்துக் கொள்ள வேண்டும். நிலச் சொத்து லாப வரியில் மலேசியக் குடிமக்களான தனிநபர்களுக்கு, வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 என்றும், ஆறாம் ஆண்டு முதல் வரி இல்லை என்றும் 2022 தொடங்கி விகிதம் உள்ளது. வரி இல்லையென்றாலும் உள்நாட்டு வருமான வாரியத்திடம் விவரம் தாக்கல் செய்ய வேண்டும். நிலத்தைத் தொடர்ந்து துண்டு போட்டு விற்றுக்கொண்டே இருந்தால், வாரியம் அதை வியாபாரமாகக் கருதி வருமான வரி கேட்க இடமுண்டு. பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி வாங்குபவரைச் சேர்ந்தது.

அப்பா பெயரிலேயே இருக்கும் நிலம்

நம்மவர்களின் நிலங்கள் பலவற்றில் இன்னும் இறந்தவர் பெயர்தான் இருக்கிறது. அந்த நிலையில் யாரும் எதையும் விற்க முடியாது. முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும். முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்து, அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லையென்றால், 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும். அனைவரின் பெயரும் பட்டாவில் ஏறியதும் அது கூட்டு நிலமாகிவிடும்.

கூட்டு நிலத்தை உரிமையாளர்களுக்குள் பிரித்துத் தனித்தனிப் பட்டா வாங்குவதற்குப் பெயர் 'பெச்சா பஹாகியான்'. எல்லாரும் சம்மதித்தால் நில அலுவலகத்திலேயே அது முடியும். பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஒருவர் பிடிவாதமாக மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அண்ணன் தம்பி வழக்கில் ஜெயித்தவரும் பாதி தோற்றவர்தான். தாயார் இருக்கும்போதே அனைவரும் ஒருநாள் உட்கார்ந்து, எந்தப் பகுதியை விற்பது, எந்தப் பகுதியைக் காப்பது, தாயாரின் வீட்டுக்கு எந்த வழி என்பதைப் பேசி முடிவு செய்து கையெழுத்திட்டால், பிள்ளைகள் காலத்தில் வழக்கு வராது.

நிலத்தை விற்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிள்ளையின் படிப்புக்கும் உயிர் காக்கும் சிகிச்சைக்கும் உதவாத நிலம் பிறகு எதற்கு? ஆனால் விற்கும் நாளில் மனம் முழுவதும் கைக்கு வரும் பணத்திலும் கொடுக்கப் போகும் ஒரு ஏக்கரிலுமே இருக்கும். கொஞ்சம் திரும்பி, மிஞ்சியிருக்கும் இரண்டு ஏக்கரையும் பார்க்க வேண்டும். அதற்குத் தனிப் பட்டா இருக்கிறதா, அங்கிருந்து சாலைக்குச் சொந்த வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று பதில் சொல்ல முடிந்தவரே நிலத்தின் ஒரு பகுதியை விற்றவர். மற்றவர்கள் முழு நிலத்தின் நிம்மதியையும் விற்றவர்கள்.